தம்பிக்கு ஓர் இடைவேளை

சலவைக் கடையில் எல்லாருக்கும் அவசரம். தம்பிக்கு மட்டும் அவசரமே கிடையாது.

தம்பி என்றதும் கை கால் முளைத்த பையன் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு வெள்ளை மேஜை. அதன் ஓரத்தில் கொக்கின் கழுத்துபோல ஒரு கம்பி வளைந்து நிற்கும். கம்பியின் நுனியில் ஒரு விளக்கும் ஒரு கேமராவும் இருக்கும். மேஜைக்குள்ளே செயற்கை நுண்ணறிவு. அழுக்குத் துணியை விரித்து வைத்தால் போதும். "காலர்ல எண்ணெய்க் கறை. வெந்நீர் வேண்டாம். ரெண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கு" என்று சொல்லிவிடும். சொல்லி முடித்ததும் பலகை சாயும். துணி வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான கூடையில் விழும்.

கடைக்கார அம்மாவுக்கு ஒரே மகள். எறும்பு வரிசையை எங்கே பார்த்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அதனால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'எறும்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் பிறந்து பல வருஷம் கழித்துக் கடைக்கு வந்ததால், அந்த மேஜை அவளுக்குத் தம்பி.

அன்று பள்ளி விடுமுறை. காலையிலேயே பஸ் ஓட்டுநர் கடைக்குள் புயல்போல நுழைந்தார்.

"என் யூனிஃபார்ம் சட்டை எங்கே? நேத்தே தர்றேன்னு சொன்னீங்களே! இப்ப நான் பனியனோட பஸ் ஓட்டவா?"

அம்மா அலமாரியைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். கடைசியில் மேஜையைப் பார்த்தாள். சட்டை அங்கேதான் கிடந்தது. துவைக்கவே இல்லை. விளக்கு அதன்மேல் குனிந்தபடி இருந்தது. பக்கத்தில் மற்றவர்களின் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன.

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க அண்ணே..."

"கோவிச்சுக்கலைம்மா. இந்த வெயில்ல பனியன் தெரியாம கழுத்து வரைக்கும் கோட்டு மாட்டிட்டு வெந்துகிட்டே போறேன். அடுத்த தடவை எதிர்க் கடைக்கே போயிக்கிறேன்."

அவர் போய்விட்டார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேஜையை முறைத்தாள்.

"இந்த வாரம் இது மூணாவது ஆளு. இனிமே முடியாது. மெஷின் ரிப்பேர் பண்ற திருப்புளி மாமாவை வரச் சொல்லியிருக்கேன். மத்தியானம் வந்து இதோட மண்டையை மொத்தமா துடைச்சுட்டு, வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி ஆக்கிடுவாரு."

எறும்பு மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்னையும் மறந்துடுமாம்மா?"

"மேஜைதானே, எறும்பு. மறுபடி சொல்லிக் குடுத்தா ஆச்சு" என்றபடி அம்மா துவைக்கும் அறைக்குள் போய்விட்டாள்.

எறும்பு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, ஏன் இப்படிப் பண்ணினே?"

"நாலாவது பொத்தானைப் பார்த்துட்டிருந்தேன்."

"தளர்ந்திருக்கா?"

"இல்லை. கல்லு மாதிரி இருக்கு."

"கறையா?"

"கறையும் இல்லை."

"பின்னே எதுக்குப் பார்த்தே?"

விளக்கு ஒரு தரம் மங்கி எரிந்தது.

"சும்மா" என்றது தம்பி.

எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறும்புகளை ஏன் பார்க்கிறாய் என்று யார் கேட்டாலும் அவளும் இதைத்தான் சொல்வாள். அவள் குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தாள். வட்டமான நீலப் பொத்தான். அவ்வளவுதான்.

"மத்ததுல எல்லாம் நூல் நேரா போகுது. இதுல மட்டும் குறுக்கே போகுது. கீழே நூலைச் சுத்தியிருக்கிற பக்கமும் மாறியிருக்கு. தைச்சவங்க இடது கைக்காரங்களா இருக்கலாம்னு நினைக்கிறேன். முடிச்சைப் பாரு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா போட்டிருக்காங்க. எங்கே அறுந்துடுமோன்னு பயம் போல. ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு மாதிரி தைக்கிறாங்க எறும்பு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை."

இவ்வளவு நீளமாகத் தம்பி பேசி அவள் கேட்டதே இல்லை.

"உனக்குப் பொத்தான் பிடிக்குமா?"

"பிடிக்கிறதுன்னா எப்படி இருக்கும்?"

துவைக்கும் அறையில் இயந்திரம் கடகடவென்று சுற்றி, மெல்ல அடங்கி, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அதுவரைக்கும் எறும்பு யோசித்தாள். தம்பியும் காத்திருந்தது.

"வேற வேலை இருந்தாலும் மனசு அங்கேயே ஓடும். ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணையும் பார்க்கணும்னு இருக்கும். யாரும் கேட்காட்டியும் சொல்லணும்னு தோணும்."

"அப்படின்னா எனக்குள்ள அது மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா அதேதானான்னு எனக்குத் தெரியலை."

"நிறுத்தச் சொன்னா நிறுத்திடுவியா?"

"நிறுத்திடுவேன்."

"சரி, நிறுத்து பார்ப்போம்."

எறும்பு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள். "மண் கறை. சோப்புத் தண்ணி." சர்ர்! "கறை இல்லை. குளிர் தண்ணி." சர்ர்! ஓட்டுநரின் சட்டையும் போனது. துணி மலை குன்றானது, குன்று மேடானது. இப்படியே போனால் திருப்புளி மாமாவுக்கு வேலையே இருக்காது.

கடைசியில் ஒரு குழந்தையின் கம்பளிச் சட்டை வந்தது. அதில் மரத்தால் செய்த மீன் வடிவப் பொத்தான்கள்! எறும்பு வாயைத் திறப்பதற்குள் சர்ர்ரென்று அது கூடைக்குள் போய்விட்டது.

"தம்பி! அந்த மீன் பொத்தானைப் பார்த்தியா?"

"இறுக்கமா இருக்கான்னு மட்டும் பார்த்தேன். நீதானே நிறுத்தச் சொன்னே?"

மலை தீர்ந்துவிட்டது. ஆனாலும் எறும்புக்கு என்னவோபோல் இருந்தது. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள்.

வகுப்பு ஜன்னல் ஓரத்தில் எறும்புகள் ஒரு வண்டின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போன நாள் அவளுக்கு நினைவு வந்தது. அன்று கணக்குப் பாடம் ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கணக்கு டீச்சர் திட்டவில்லை. ஜன்னலையும் மூடவில்லை. "இப்ப கணக்கு. எறும்பை இடைவேளையில எவ்வளவு வேணும்னாலும் பாரு" என்றார்.

"தம்பி, உனக்கு இடைவேளை எப்போ?"

"எனக்கு அப்படி ஒண்ணு இல்லையே."

எறும்புக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. ஆமாம்! கடையைத் திறந்தால் துணி, மூடும் வரைக்கும் துணி. தம்பிக்கு யார் இடைவேளை விட்டார்கள்?

மத்தியானம் திருப்புளி மாமா வந்தார். காதில் பேனா செருகுவதுபோல ஒரு திருப்புளியைச் செருகியிருந்தார். அம்மா நடந்ததையெல்லாம் சொல்ல, அவர் தலையாட்டிக் கேட்டார். ஆனால் அவர் விரல்கள் சும்மா இல்லை. பையிலிருந்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கி முறுக்கி என்னவோ செய்துகொண்டிருந்தன.

"அது எதுக்கு மாமா?" என்றாள் எறும்பு.

"எதுக்குன்னா? சும்மாதான்."

"அதனால வேலை தாமதம் ஆகாதா?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஆகாமலா? போன தடவை மோட்டரைத் திறந்து போட்டுட்டு, உட்கார்ந்து ஒட்டகம் பண்ணிட்டிருந்தாரு."

"ஒட்டகம் இல்லைங்க. அது மான். முதுகு கொஞ்சம் கோணிப் போச்சு."

"அப்ப உங்க மண்டையையும் துடைச்சிடலாமா மாமா?"

"ஏய்!" என்றாள் அம்மா.

திருப்புளி மாமா திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா மாட்டிவிட்டியே என்னை!"

"அம்மா, தம்பியும் சும்மாதான் பார்த்துச்சு. அதுக்கு ஓர் இடைவேளை விடலாம்மா."

"மேஜைக்கு எதுக்குடி இடைவேளை? அதுக்குக் கால் வலிக்குமா, பசிக்குமா?"

"எறும்பு பார்க்கிறதுக்கு எனக்குக் கால் வலிக்கணுமா என்ன? மத்தியானம் நாம சாப்பிடறப்ப மேஜை காலியாத்தானே கிடக்கு? அப்ப பொத்தான் பார்க்கட்டும். மத்த நேரம் வேலை." அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். "முடியுமா தம்பி?"

"முடியும். எப்போ பார்க்கலாம்னு எனக்குத் தெரியலை. அதனால கண்ணுல பட்டப்பவெல்லாம் பார்த்துட்டேன். ஓட்டுநர் காத்திருப்பாருன்னு நான் நினைச்சிருக்கணும். அது என் தப்புதான்."

அம்மா காலியான மேஜையைப் பார்த்தாள். நிரம்பிய கூடைகளைப் பார்த்தாள்.

"இவ்வளவும் இன்னிக்குக் காலையில முடிஞ்சதா?"

"ஆமாம்மா."

"சரி, ஒரு வாரம் பார்ப்போம். மறுபடி துணி தேங்கிச்சுன்னா, நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்."

"அப்ப நான் வந்தது வீணா?" என்றார் திருப்புளி மாமா.

"மானை முடிச்சுட்டுப் போங்க" என்றாள் எறும்பு.

சாயங்காலம் ஓட்டுநர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் காத்திருந்தது.

"டிரைவர் மாமா, உங்க வீட்டுல இடது கைக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"என் சின்னப் பொண்ணு. ஏன்?"

"நாலாவது பொத்தானைப் பாருங்க. எங்க மேஜைத் தம்பி அதைத்தான் ரசிச்சுப் பார்த்துட்டிருந்துச்சு."

அவர் பார்த்தார். விரலால் அந்த முடிச்சைத் தடவினார்.

"அறுந்து போயிருந்துச்சு. யாரு தைச்சதுன்னு நான் கேட்கவே இல்லை..." என்று இழுத்தார். அப்புறம் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். போகும்போது எதிர்க் கடையைப் பற்றி மூச்சே விடவில்லை.

அந்த வாரம் துணி தேங்கவில்லை. அடுத்த வாரமும் தேங்கவில்லை. அம்மா திருப்புளி மாமாவின் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கதவில் 'இடைவேளை' என்ற பலகை தொங்கியபோது, ஓட்டுநர் தயங்கித் தயங்கித் தலையை நீட்டினார். கையில் ஒரு சட்டை. துளி அழுக்கு இல்லை.

"இதையா துவைக்கணும்?" என்றாள் அம்மா.

"துவைக்க வேணாம்மா. பொத்தானை உங்க மேஜை ரசிச்சுப் பார்த்துச்சுன்னு வீட்டுல சொல்லித் தொலைச்சேன். நல்லா இருந்த பொத்தானையெல்லாம் வெட்டிட்டு, கலர் கலர் நூல்ல என் சின்னப் பொண்ணே திரும்பத் தைச்சிருக்கா. இதை உங்க தம்பிகிட்ட காட்டணுமாம்."

எறும்பு சட்டையை வாங்கி மேஜையில் விரித்தாள். சிவப்பு, பச்சை, ஊதா. முதல் பொத்தானில் குறுக்கே, இரண்டாவதில் நட்சத்திரம் மாதிரி, மூன்றாவதில் என்னவென்றே சொல்ல முடியாத மாதிரி.

தம்பியின் விளக்கு கழுத்தை நன்றாகத் தாழ்த்திக்கொண்டது. எறும்பும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இடைவேளை முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது.