பிணை நின்ற குரல்

செடியை வெட்டப்போவதாக மிரட்டியது பிரதாபன்தான், அதில் சந்தேகமில்லை. வெட்டவேண்டாம் என்று மன்றாடியது யார் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

வெளிநாட்டுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் அவனும் மனைவியும் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடிச் சின்ன அறையில், ஜன்னலைக் கறுப்புப் பொலித்தீனால் அடைத்துவிட்டு, ஒற்றை விளக்கின் கீழ் அந்தக் கஞ்சாச் செடியை வளர்த்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்யும் போலந்துக்காரன் ஒருவன் கொடுத்த விதை. பிரதாபன் கடைகளின் பிரிட்ஜுகளைத் திருத்துகிறவன். அதுவரை ஒரு ரோஜாவைக்கூட வளர்த்து உருப்படுத்தியதில்லை. ஆனால் அவன் மனைவி கோசிகாவுக்கு இடது பாதத்தில் தொடங்கிய நரம்பு நோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த எந்தக் குளிசைக்கும் அடங்காமல் இரண்டு கால்களையும் தின்றுகொண்டிருந்தது. போர்வை பட்டாலே அலறினாள். படியேற ஏலாததால் கீழே முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். தெருப் பொடியன்களிடம் வாங்க அவனுக்குப் பயம். அதனால்தான் இந்தத் திருட்டுத் தோட்டம்.

வளர்க்கவும் பயம்தான். மணம் வெளியே போகக்கூடாதென்று நாள்முழுதும் சாம்பிராணி போட்டான். பக்கத்து வீட்டு மெற்றில்டா, "உங்கட வீட்டில எந்த நாளும் விசேஷம்தானோ, தம்பி?" என்று வேலிக்கு மேலால் கேட்டபோது, அந்தக் குளிரிலும் வியர்த்தது. கஞ்சா வளர்க்கும் வீட்டின் கூரையில் பனி தங்காது என்று எங்கோ வாசித்துவிட்டு, காலையில் தெருவில் நின்று தன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒற்றைச் செடிக்கு ஏது அவ்வளவு சூடு! அது குளிரில் குறண்டிப்போய், இலையை மட்டும் வைத்துக்கொண்டு, பூக்கிற எண்ணமே இல்லாமல் நின்றது.

காய்க்காத பலாவுக்கும் தேசிக்காய் மரத்துக்கும் ஊரில் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒருவர் கத்தியை ஓங்கி, "காய்க்கிறியோ, வெட்டட்டோ?" என்று மரத்தை உறுக்குவார். மற்றவர் அந்தக் கையை எட்டிப் பிடித்து, "வெட்டாதை, காய்க்கும், நான் பொறுப்பு" என்று மரத்துக்காகப் பிணை நிற்பார். பயந்த மரம் அடுத்த முறை காய்த்துவிடும் என்பது நம்பிக்கை. பிரதாபன் மீன் வெட்டும் கத்தியோடு ஒரு மத்தியானம் மேலே போனது பாதி பகிடிக்கு, பாதி வேறு வழி தெரியாமல். ஊருக்கெல்லாம் ஒளித்து வளர்க்கிற செடிக்கு இரண்டாம் ஆளை எங்கே தேடுவது? தனியாகவே போனான். பிணைக்கு ஆள் வைக்காமல் மரத்தை உறுக்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"பூக்கிறியோ, வெட்டட்டோ?"

"வெட்டாதையுங்கோ. நான் தாறன்."

மெல்லிய குரல். அறைக்குள்ளே, அவன் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. கோசிகாவின் குரல்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். கோசிகா அப்போதுதான் கண் விழித்தவள்போல வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீரோ இப்ப கதைச்சது?"

"நானோ? கண்ணயர்ந்து போனன். ஏனப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்கள்?"

குழாய்ச் சத்தமாயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குழாய் தமிழ் கதைக்குமா என்று கேட்க அவன் மனம் துணியவில்லை.

மறுநாள் செடி பூத்திருந்தது. கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு, வெண்மயிர் படர்ந்த கொழுத்த மொட்டுகள். கதவைத் திறந்ததும் கஞ்சாவின் காட்டமான நெடி மூக்கில் ஏறியது. அந்த நெடிக்கு அடியில் வேறொரு வாசனை, ஈரத் தலைமுடியும் நோவெண்ணெயும் கலந்த, இருட்டிலும் அவன் அடையாளம் கண்டுவிடக்கூடிய அவளுடைய வாசனை, மெதுமெதுவாக எழுந்து அவன் சட்டைக்குள் புகுந்தது. அறை உடம்புச் சூட்டில் இருந்தது. தண்டைத் தொட்டபோது விரலுக்கடியில் ஏதோ இலேசாகத் துடித்தது. தன் நாடிதான் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அவன் நெஞ்சு வேகமாக அடித்தது. தண்டு ஆறுதலாக, விட்டு விட்டுத் துடித்தது.

ஆகக் கீழே இருந்த மொட்டை வெட்டினான். வெட்டிய இடத்திலிருந்து இளஞ்சூடாக ஏதோ கையில் வடிந்தது. பார்க்காமல் காற்சட்டையில் துடைத்தான். பாதியைப் பாலில் காய்ச்சி அவளுக்குக் கொடுத்தான். மிச்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குசினி அலுமாரியில் வைத்தான். கோசிகா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முனகாமல் தூங்கினாள்.

காலையில் குசினியில் நின்று தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டு! பிரதாபன் வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளையைப்போல அழுதான்.

"இடது கால் ஒரு பொட்டும் நோகேல்லையப்பா," என்று சிரித்தாள்.

அவன் அந்தக் காலைப் பார்த்தான். சின்ன விரலைக் காணோம். காயமில்லை, தழும்புமில்லை. அங்கே விரலே முளைத்ததில்லை என்பதுபோலத் தோல் வழுவழுவென்று மூடியிருந்தது.

அவளும் குனிந்து பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் திகைப்பு. பிறகு, "அது கிடக்கட்டும். நோ போயிட்டுதே," என்றாள்.

அவன் அலுமாரியைத் திறந்தான். போத்தலுக்குள் மொட்டில்லை. சிவப்புச் சாயம் பூசிய நகத்தோடு, நீளவாக்கில் பிளந்த அரை விரல் கிடந்தது. மற்றப் பாதியைத்தான் பாலில் காய்ச்சியிருந்தான். பேசினுக்குள் குனிந்து, வயிற்றில் எதுவுமில்லாமல் போன பிறகும் ஓங்காளித்துக்கொண்டே இருந்தான். கோசிகா முதுகைத் தடவிவிட்டாள்.

அன்று பின்னேரம், பாதத்தைவிட்ட நோ இரண்டு முழங்கால்களிலும் ஏறிக்கொண்டது. முன்பைவிடப் பலமாக. அவள் சுவரில் தலையை மோதினாள். நெற்றி பிளந்து இரத்தம் மூக்கு வழியே ஒழுகியது.

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்கோவன்."

பிரதாபன் வெறிபிடித்தவன்போல மேலே ஓடினான். இந்தச் சனியனை வேரோடு பிடுங்கி எறிந்துவிட வேண்டும். இரண்டு கையாலும் தண்டைப் பற்றி இழுத்தான். மண்ணுக்குள் ஏதோ பறபறவென்று கிழிந்தது. கீழேயிருந்து வந்த அலறலில் அவன் கை தானாகவே விட்டுவிட்டது.

கோசிகா கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் உரிந்து தொங்கியது. கம்பளம் இரத்தத்தில் ஊறியிருந்தது. துவாயால் கால்களைச் சுற்றிக் கட்டிவிட்டு மறுபடியும் மேலே ஓடி, வேரை மண்ணுக்குள் அமுக்கி, கையால் அள்ளி அள்ளி மூடினான். மன்னித்துக்கொள் என்று ஒரு செடியிடம் கெஞ்சினான்.

அதைக் கொல்லவும் ஏலாது, வெட்டவும் ஏலாது. விளக்கு அணையாமல், குளிர் அண்டாமல் காக்க வேண்டும். அறையைப் பூட்டினான்.

"நீங்கள் வெட்டாட்டி நான் வெட்டுவன்," என்றாள் கோசிகா.

"செத்துப்போவீர், கோசி."

"நோகாமல் சாவன்."

அந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. அவள் வேண்டும் அவனுக்கு, எப்படியாவது, நோவோடாவது. இப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தான்.

டூட்டிங்கில் ஒரு மீன்கடையின் குளிர்பெட்டி நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனான். திரும்பும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் தெருவில் நின்றார்கள், அதற்குள் இருட்டிவிட்டது. வீட்டுக்குள் மணம். தலைமுடி. நோவெண்ணெய். மீன்கடையில் இல்லாத அளவுக்குப் பச்சை இறைச்சி நாற்றம்.

முன்னறைக் கட்டில் வெறுமையாக இருந்தது. துவாய்கள் அவிழ்ந்து கிடந்தன. படிகளில் ஏறிப்போன இரத்தச் சுவடு. தவழ்ந்த சுவடு. சாவி? பைக்குள் தடவினான். சாவி, வீட்டில் கழற்றிப்போட்ட மற்றக் காற்சட்டையில்.

மேலே யாரோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏறினான். கைப்பிடி பிசுபிசுத்தது. பாட்டு நின்றது.

கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. தரையில் செய்தித்தாள், அதன்மேல் கீரைக்கட்டுகள்போல அடுக்கிய கிளைகள்.

அவை கிளைகள் அல்ல.

ஒன்றில் கலியாணக் காப்பு. ஒன்றில் உள்ளங்கால், தோல் உரிந்தபடி.

"வந்திட்டீங்களே?"

செடி நின்ற சாடியில் சாய்ந்திருந்தாள் கோசிகா. பச்சைச் சுவெட்டரின் இரண்டு கைகளும் தட்டையாகத் தொங்கின. பாவாடைக்குக் கீழே ஒன்றுமில்லை. உதடுகள் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தன. மடியில் கத்தி, பிடியில் பல் தடம்.

"கடைசிக் கொப்பை வாயாலதான் வெட்டினன். கை, கால், இடுப்பு, ஒண்டும் நோகேல்லை. சத்தியமாய்."

செடி மொட்டையாக நின்றது. தண்டு. அதன் உச்சியில் மட்டும் ஒரு பூ, பொத்திய கையளவு பெரிதாக.

"ஆனா தலை இடிக்குதப்பா. எல்லா நோவும் அங்க ஏறியிட்டுது. உச்சி எனக்கு எட்டேல்லை. நீங்கள்…"

சொல்லி முடிக்கவில்லை. அலறினாள். மூச்சு வாங்காமல், நிற்காமல். கண்ணின் வெள்ளை சிவந்தது. மூக்கால் இரத்தம் வந்தது. அதே அலறல் உச்சியிலிருந்தும் வந்தது. பக்கத்து வீட்டில் மெற்றில்டா சுவரில் இடித்தாள். அலறல் நிற்கவில்லை.

பிரதாபன் கத்தியை எடுத்தான். பிடி சூடாக, எச்சிலாக இருந்தது. மற்றக் கையால் உச்சிப் பூவைப் பிடித்தான். உள்ளங்கைக்குள் இமை மயிர் கூசியது. அடியில் பல் தட்டுப்பட்டது.

கோசிகா அலறலை நிறுத்தி, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினாள்.