நமணசமுத்திரத்தில் நின்றுபோன வண்டி

“ஏங்க... ஏங்க! அது நாங்க சொல்லி வச்ச வண்டி!”

மழைக்குப் பயந்து ஓடி வந்தவன், கார்க் கதவின் பிடியில் கை வைத்தபடியே திரும்பினான். நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் கண்ணாடியை மறைக்க, அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். சட்டையே நனைந்திருந்ததால் கண்ணாடி இன்னும் மோசமானது. ஒன்றும் தெரியாத கண்களைச் சுருக்கிக்கொண்டு, குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தான்.

“பதினோரு மணிக்கு வரச் சொன்னாங்க. எழிலரசன்னு பேரு எழுதியிருப்பாங்க பாருங்க.”

“எங்களையும் பதினோரு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. பிரின்சின்னு எழுதியிருப்பாங்க, நீங்க பாருங்க!”

புதுக்கோட்டையின் அந்தக் கார் ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்க இருந்த ஹைப்ரிட் கார் ஒன்றே ஒன்றுதான். முத்துச் சிப்பி நிறத்தில், ஐப்பசி மழையில் குளித்துக்கொண்டு, இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றிருந்தது.

பிரின்சி மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு... எங்கேயோ பார்த்த சிரிப்பு. இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிற சிரிப்பு. எங்கே? குவைத் ஆஸ்பத்திரியிலா? இல்லை... அதற்கும் முன்னால்...

“சாரி மேம், சாரி சார், என் தப்புதான்.” குடையோடு ஓடி வந்தாள் விற்பனைப் பெண் வைஷ்ணவி. “ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிட்டேன். எல்லாருமா சேந்தே போயிட்டு வந்துரலாமா?”

“போலாமே!” என்று முந்திக்கொண்டார் பிரின்சியின் அப்பா மரிய அந்தோணி. ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். இழுப்பு வந்து நெஞ்சு சுருங்கினாலும், மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் மட்டும் சுருங்கவில்லை. “நாலு பேரு உக்காந்தாத்தான வண்டியோட தெம்பு தெரியும்? ஏறுங்க தம்பி!”

அப்பாவுக்காகத்தான் இந்தக் காரே. மாதம் ஒரு முறை ஆவூரிலிருந்து திருச்சிக்கு ஆஸ்பத்திரி. டீசல் புகை பட்டால் அவருக்கு இழுப்பு எடுத்துவிடும். முழுக்கவே பேட்டரியில் ஓடுகிற கார் வாங்கலாமென்றால், அதற்கு சார்ஜ் போட ஊரில் வசதி போதாது. பாதி பேட்டரி, பாதி பெட்ரோல்... அதுதான் சரி என்று பிரின்சி தீர்மானித்திருந்தாள். அப்பாவுக்கோ ஒரே பயம், செய்தித்தாளில் படித்தது.

“ஏம்மா வைஷ்ணவி,” என்றார் முன்சீட்டில் அமர்ந்ததும், “இந்த ஹைப்ரிட் வண்டியிலதான் அடியில இருக்க அந்த... என்னமோ கன்வெர்ட்டரு... அத அறுத்துட்டுப் போயிடுறானுங்களாமே?”

“கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சார். புகையைச் சுத்தம் பண்ற டப்பா. உள்ள பிளாட்டினம் மாதிரி வெலையுள்ள உலோகம் பூசியிருக்கும், அதுக்காகத் திருடுறாங்க. ஆனா அதெல்லாம் வெளிநாட்டுல சார். நம்ம பக்கம் ஏது?”

பிரின்சி வண்டியை எடுத்தாள். சத்தமே இல்லை. இலை மேல் தண்ணீர் வழுக்குவதுபோல் கார் வாசலைத் தாண்டி, திருமயம் சாலையில் திரும்பியது. மழையின் சத்தம் மட்டும். பின்சீட்டில் வைஷ்ணவிக்குப் பக்கத்தில் அவன். முன்னால் இருந்த சிறிய கண்ணாடியில் அவன் கண்கள்... அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் ஓடின. மறுபடி வந்தன.

‘ரோட்டப் பாருடி பிரின்சி... ரோட்ட...’

“ஓடுதா நிக்குதான்னே தெரியலயே!” என்று அப்பா மகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

நமணசமுத்திரத்தை நெருங்கும்போது ஒரு லாரியை முந்துவதற்காக அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அதுவரை பேட்டரியில் போன வண்டியில் அப்போதுதான் பெட்ரோல் எஞ்சின் உயிர்த்தது.

‘டடடடட்டர்ர்ர்ர்...!’

பத்து டிராக்டர் ஒன்றாகக் கிளம்பியதுபோல் ஓர் உறுமல். லாரிக்காரர் பயந்து ஒதுங்கினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

“யேசுவே!” என்றார் மரிய அந்தோணி.

பிரின்சி வண்டியை ஓரங்கட்டினாள். எழிலரசன் இறங்கினான்... கொட்டுகிற மழையில், சேறும் தண்ணீருமாகக் கிடந்த தரையில், யோசிக்காமல் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தான்.

“என்னங்க பண்றீங்க? சட்டையெல்லாம்...”

“மாட்டுக்கு அடியில படுத்துப் பழக்கந்தாங்க. அறந்தாங்கியில கால்நடை டாக்டர் நான்.” அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு ஒரு சீழ்க்கை. “வைஷ்ணவி... வெளிநாடு இங்கயே வந்துருச்சும்மா. குழாய ரெண்டு பக்கமும் ரம்பத்தால அறுத்துட்டு, டப்பாவக் கழட்டிட்டுப் போயிருக்கான்.”

ராத்திரியெல்லாம் ஷோரூமுக்குப் பின்னால் திறந்த வெளியில் நின்ற வண்டி. பேட்டரியிலேயே உருட்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை. வைஷ்ணவி அழாத குறையாக போனில் மேனேஜரைப் பிடித்தாள். இழுத்துப் போக வண்டி வரும் வரை டீக்கடைதான் கதி.

கூரை ஓரமாக மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே உட்கார்ந்து ஊரே கேட்கும்படி யாருக்கோ நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் சேறாக நின்றவனிடம் பிரின்சி தன் துவாலையை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே கேட்டான். “இப்பவும் ஆவூர்த் தேருக்கு மோர் ஊத்துறீங்களா?”

அவள் கையிலிருந்த டீ தளும்பியது.

ஈஸ்டர் முடிந்து தேர் இழுக்கும் அந்தப் பகல்... கொளுத்துகிற வெயில்... மாதா கோயில் பக்கத்தில் நீர்மோர்ப் பந்தல். ஒருத்தன் வந்து குடித்துவிட்டுப் போனான். மறுபடி வந்தான். மறுபடியும். டம்ளரை நீட்டும்போதெல்லாம் இடது கன்னத்தில் ஒரு குழி. கடைசியில் அவளே பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: ‘வயிறா, ஊருணியா?’ பக்கத்திலிருந்த தோழிகள் எல்லாம் சிரிக்க, அவன் காது சிவந்து ஓடியே போனான்...

அவளுக்கு அப்போது இருபது வயது. அந்த வருடமே நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டாள்.

“நீங்களா...?”

“அரிமளத்துக்காரன். கூடப் படிச்சவன் கூப்பிட்டான்னு தேர் பாக்க வந்தேன். தேரப் பாக்கல.” சிரித்தான். “அடுத்த வருஷமும் வந்தேங்க. அதுக்கடுத்த வருஷமும். வேற யாரோ மோர் ஊத்துனாங்க... புளிச்சுப்போச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். வெகு நாளாகக் காணாமல் போயிருந்த ஒருத்தி, இருபது வயதுக்காரி, மழையில் நனைந்தபடி திரும்பி வந்து பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. தம்பி மெல்வின் படிப்பு, தங்கை கல்யாணம், அம்மாவின் வைத்தியம், பிறகு அம்மாவின் கல்லறை... இவ்வளவுக்கும் நடுவில் அவளை எந்த வருடத்தில் தொலைத்தோம்?

“குடும்பம்...?” என்று கேட்டாள். கேட்டதும் தன் மேலேயே கோபம் வந்தது.

“அம்மா மட்டுந்தான். இருளாயின்னு பேரு. எனக்கு ஒரு தடவ நிச்சயம் வரைக்கும் போயி நின்னுபோச்சு. அப்பறம் ஆடு, மாடு, கோழின்னே காலம் ஓடிருச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, பஸ்ஸுல ஏறி எறங்க முடியல. மீமிசல்ல அக்கா இருக்கு, அங்கிட்டுக் கூட்டிப் போகத்தான் இந்த வண்டி. ஒங்களுக்கு...?”

“அப்பா மட்டுந்தான்,” என்றாள்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். “ஆத்தா, ஹைப்ரிட்டே வேணாம்! ஓட்டிப் பாக்க வந்த வண்டியிலயே வேலையக் காட்டிட்டான். சாதா பெட்ரோல் வண்டியப் பாப்போம்.”

“எல்லா வண்டியிலயும் அந்த டப்பா இருக்குதுங்கய்யா,” என்றான் எழிலரசன். “இதுல எஞ்சின் கொஞ்ச நேரந்தான் ஓடும், டப்பா தேயாம இருக்கும், அதான் கண்ணு வைக்கிறான். திருடனுக்குப் பயந்து கறவ மாடு வேணாம்னா சொல்றோம்? கொட்டாய் போட்டுக் கட்டுறோம்ல? அடியில ஒரு இரும்புத் தகடு அடிச்சு போல்ட்டு போட்ருவோம். வீட்டுல ஷெட்டு. ஆஸ்பத்திரில காவக்காரர் கண்ணு படுற எடம். அவ்வளவுதாங்க.”

மரிய அந்தோணி அவனை மேலும் கீழும் பார்த்தார். சேறு, சிரிப்பு, மகளுடைய துவாலை. “தம்பி வெவரமாத்தான் பேசுது,” என்றார். இரண்டு குடும்பமும் அன்றே ஹைப்ரிட்டுக்குப் பதிந்தன. எழிலரசன் முதலில், அவர்கள் அடுத்து.

தீபாவளி கழிந்து வைஷ்ணவியிடமிருந்து போன் வந்தது. வண்டி வந்துவிட்டது, வரலாம்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். மாலை, சந்தனம், போட்டோ எல்லாம் ஆயிற்று. அடியில் தகடு மாட்டியிருப்பதை அப்பா குனிந்து தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிரின்சியின் கண்கள் மட்டும் ஷோரூம் முழுக்க எதையோ தேடின.

“டாக்டர் வண்டி எடுத்துட்டாரா?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

வைஷ்ணவி உதட்டைக் கடித்தாள். “அது வந்து மேம்... இந்த மாசம் ஒரு வண்டிதான் வந்துச்சு. அவரு பேருக்கு வந்ததுதான். ‘மாஸ்டருக்கு இழுப்பு, மொதல்ல அவங்களுக்குக் குடுங்க, நான் அடுத்ததுல எடுத்துக்கிறேன்’னுட்டாரு. சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு...”

சுருக்கென்றது. காது மடல் கொதித்தது. பரிதாபமா? வயதான அப்பனும் கல்யாணமாகாத மகளும் என்று பரிதாபமா? இத்தனை வருடத்தில் யார் வீட்டு வாசலிலும் எதற்கும் நின்றதில்லை அவள். எல்லோருக்கும் கொடுத்தே பழகிய கை... அதில் இப்போது யாரோ போட்டுவிட்டுப் போன சாவி.

வண்டியை வெடுக்கென்று எடுத்தாள்.

“அம்மாடி, வண்டிய சாமியார்கிட்ட மந்திரிக்க ஆவூருக்குத்தான போறோம்? அது அங்கிட்டுல்ல இருக்கு?”

“அறந்தாங்கி போயிட்டுப் போவோம்ப்பா.”

“அறந்தாங்கிலயா மந்திரிக்கிறாங்க?”

அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அறந்தாங்கி கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் ஆடுகளும் மனிதர்களும் தூறலுக்கு ஒதுங்கி நின்றார்கள். அப்பாவை வண்டியில் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். ஒரு வெள்ளாட்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து, கையில் ஊசியோடு நின்ற எழிலரசன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“எங்களப் பாத்தா ஒங்களுக்குப் பாவமா இருந்துச்சா சார்?”

“இல்லங்க, நான்...”

“ஒங்க அம்மா முட்டி வலியோட பஸ்ஸுல போறாங்க. நீங்க எங்களுக்குத் தர்மம் பண்றீங்களா? யாரு கேட்டா? இந்தாங்க சாவி. ஒங்க வண்டி. நாங்க காத்துக்கிட்டு இருந்து எடுத்துக்குவோம்!”

ஆட்டுக்கார ராசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “டாக்டரய்யா... ஊசி?”

எழிலரசன் ஊசியைப் போட்டான். ஆட்டை விட்டான். கையைக் கழுவினான். அவ்வளவு நேரமும் அவள் சாவியை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு அவளைப் பின்வாசல் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனான்.

“தர்மம் இல்லங்க அது. அம்மாகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன். ‘அந்தப் புள்ளைக்கா? குடு குடு, நான் பத்து மாசம்கூட பஸ்ஸுல போறேன்’னுச்சு.” ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “நான் மொதல்ல எடுத்துட்டா எல்லாம் அன்னையோட முடிஞ்சுரும். ஒங்க நம்பர் இருந்துச்சு... என்னான்னு சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியல. விட்டுக் குடுத்தா... நன்றி சொல்லவாச்சும் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். சுயநலந்தாங்க. சண்டைக்கு வருவீங்கன்னு நெனைக்கல.” கண்ணாடியைக் கழற்றினான். ஒன்றும் தெரியாத அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. “ஒங்களப் புடிச்சிருக்கு பிரின்சி. அன்னைக்குப் புடிச்சிருந்தது சின்ன வயசுக் கிறுக்கு. இப்பப் புடிச்சிருக்கறது... அந்தத் துவாலைய நீட்டுன கைய.”

வேப்ப மரத்திலிருந்து ஒரு கொத்துத் துளிகள் உதிர்ந்தன. அவள் நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தாள்... காணவில்லை. அது இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது.

“எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்லங்க,” என்றாள் தரையைப் பார்த்து. “அதான்... எப்படி வாங்கிக்கிறதுன்னு தெரியல.”

வாசலிலிருந்து நீண்ட ஹாரன் ஒலித்தது. அதைவிடச் சத்தமாக அப்பாவின் குரல்: “ஆத்தா! பிரின்சி!”

எழிலரசன் அந்தப் பக்கம் பார்த்தான். “நான் வேற சாமி கும்புடுறவன். ஒங்க அப்பா... என்னங்க சொல்வாரு?”

“சத்தம் போடுவாரு. ஆவூரே வந்து நிக்கிற மாதிரி போடுவாரு.” பிரின்சி நிமிர்ந்தாள். கண்ணில் நீர் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. “போடட்டும். எங்க வீட்டுல தம்பிக்கு என்ன வேணும், தங்கச்சிக்கு என்ன வேணும், அப்பாவுக்கு என்ன வேணும்னு நாந்தான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல. இன்னைக்குச் சொல்லப் போறேன்.”

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு விரலால் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“வாங்க, அப்பாகிட்ட போவோம். எனக்கு நீங்க வேணும்.”