தேர்தல் நாளில் பிடுங்கப்பட்ட கேபிள்

"கேபிளைப் பிடுங்கிட்டாங்கம்மா!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் மேனேஜர்.

நிதானம் என்று எல்லோரும் அழைக்கும் அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தே ஓய்வு பெற்றவர் அவர். பஸ் டிரைவராக இருந்த அவருடைய கணவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். கேஸ் என்ற வாசனை பட்டாலே போதும், மனிதருக்குக் கால் தரையில் நிற்காது.

"முதல்ல உட்காருங்க. யாரோட கேபிள்?"

மேனேஜர் வேலை பார்க்கும் எக்ஸ்சேஞ்சுக்கு முதலாளி கிடையாது. ஊரிலுள்ள இன்டர்நெட் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து நடத்துகின்றன. ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒரு கேபிள் வந்து அங்கே ஸ்விட்ச் என்னும் ஒரே இயந்திரத்தில் சேரும். ஒருவருடைய வாடிக்கையாளர் அனுப்புவது இன்னொருவருடைய வாடிக்கையாளருக்கு அங்கேயே கைமாறும். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நேற்று தேர்தல். காலியாக இருந்தது ஒரே இடம், நின்றது மூன்று பேர்.

"அதுல ரெண்டு பேர் அக்கா, தம்பி. ஒண்ணா கம்பெனி நடத்தினவங்க. சண்டை போட்டுப் பிரிஞ்சு நாலு வருஷமாச்சு, பேச்சுவார்த்தையே இல்ல. அக்காவுக்குக் கால்ல அடி. அதனால வீட்டிலிருந்தே ஸ்கிரீன்ல பேசறதா ஏற்பாடு. டீ இடைவேளையில யாரோ அவங்க கேபிளைப் பிடுங்கியிருக்காங்க. ரெண்டு நிமிஷம் அவங்க வாடிக்கையாளர் யாருக்கும் நெட் இல்ல."

"அப்புறம்?"

"தானா வந்துடுச்சு. அவங்களும் பேசினாங்க, ஓட்டும் போட்டாச்சு. ஆனா அக்கா புகார் கொடுத்துட்டாங்க. அனுமதி இல்லாம அடுத்தவங்க கேபிளைத் தொட்டா உறுப்பினர் பதவி போயிடும். தொட்டவங்களோட கேபிளை அன்னைக்கே கழற்றிவிட்டுருவோம். கம்பெனியே படுத்துடும். இது முடியாம ரிசல்ட்டையும் சொல்ல முடியாது."

"தம்பிதான்!" என்றார் கணவர். "இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"இருங்க, வண்டி இன்னும் கிளம்பல," என்றார் நிதானம்.

இயந்திர அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மஞ்சள் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. "அக்காவோடது எது?" என்று கேட்டதும் மேனேஜர் ஒன்றைத் தொட்டார், தலையாட்டினார், செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு வேறொன்றைக் காட்டினார். அதன் லேபிளில் 'இரட்டை நெட்' என்றிருந்தது.

"இது அவங்க கம்பெனி பேரா?"

"பழைய பேர். சேர்ந்து நடத்தினப்போ வெச்சது. மாத்தணும் மாத்தணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

இடைவேளையில் அந்த அறைக்குள் போனவர்கள் மூன்று பேர். நேற்றுதான் முதன்முதலாக வந்த ஏசி மெக்கானிக் ஒருவர். போன வருஷம் உறுப்பினராகி இந்த முறை மூன்றாவது வேட்பாளராக நின்ற கலகலப்பு ஒருவர். எதற்கெடுத்தாலும் ஜோக் அடிப்பதால் அந்தப் பெயர். இன்னொருவர் தம்பி. மேனேஜர் மேடையை விட்டு நகரவில்லை.

கணவர் குப்பைக்கூடையைக் கிளறிவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தார். காகிதக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குச்சி கிடந்தது. அதன் பஞ்சு முனை கறுத்திருந்தது. "விஷம்!" என்றார்.

"கேபிள் முனையைத் துடைக்கிற குச்சிங்க," என்றார் மேனேஜர். "இந்தக் கேபிள்ல எல்லாமே வெளிச்சமாத்தான் போகும். தூசி அடைச்சா அது சரியாப் போகாது, பேச்சு திக்கும்."

"நேத்துத் திக்கிச்சா?"

"காலையில சரிபார்த்தப்போ அவங்க முகம் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. வாய் திறந்தபடியே. ஹால்ல ஒரே சிரிப்பு."

"இடைவேளைக்கு முன்னாடி, பின்னாடி அந்த லைன் எப்படி இருந்துச்சுன்னு பார்க்க முடியுமா?"

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முன்னால் ஆயிரக்கணக்கில் பிழைகள். பின்னால் ஒன்றுகூட இல்லை. "அடடா, இதை நான் பார்க்கவே இல்லையே!"

மதியம், அறைக்குள் போன அந்த மூவரும் ஹாலுக்கு வந்தார்கள். சுவர் ஸ்கிரீனில் அக்கா, காலை முக்காலி மேல் வைத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.

"பகையில பிடுங்கினவன் ஏன் திரும்பச் செருகணும்?" என்று ஆரம்பித்தார் நிதானம். "செருகினவன் ஏன் துடைச்சிட்டுச் செருகணும்? இது கெடுக்க வந்த கை இல்ல. சரி, யார் கை? அந்தக் கேபிள்ல இருக்கிறது பழைய பேர். மேனேஜருக்கே போனைப் பார்த்தாத்தான் தெரியுது. நேத்து வந்த மெக்கானிக்குக்கும் போன வருஷம் சேர்ந்தவருக்கும் அந்தப் பேரே தெரிய வாய்ப்பில்ல. அந்தப் பேரை வெச்சவருக்குத் தெரியும்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் கணவர்.

"ஆள் சரி. காரணம்தான் தப்பு."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "ஆமா. நான்தான் துடைச்சேன்."

"ஏன்?" ஸ்கிரீனிலிருந்து வந்தது குரல்.

"எங்கக்காவைப் பார்த்து ஊரே சிரிக்குது, நான் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?"

"என்னை எதிர்த்துத்தானே நின்னே?"

"ஓட்டுல தோற்கடிக்கத்தான் நின்னேன். மத்தவங்க சிரிக்கிறதை வேடிக்கை பார்க்கவா நின்னேன்?"

கலகலப்பு எழுந்து, "நானும் சிரிச்சேன். மன்னிச்சிருங்க," என்றார். அவர் வாயிலிருந்து அன்று ஜோக் எதுவும் வரவில்லை.

"ஒரு போன் பண்ணிச் சொல்றதுக்கு என்ன கேடு?" என்றார் அக்கா.

"நீ எடுத்திருப்பியா?"

"எடுத்திருக்க மாட்டேன்," என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தார், மறைக்கவும் இல்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரிங்க. ஆனா விதி..."

"கழற்றிருங்க," என்றார் தம்பி. "அனுமதி இல்லாமத் தொட்டது தொட்டதுதான். போட்டியிலிருந்தும் விலகிக்கிறேன்."

"எது? விலகுவியா?" அக்கா முக்காலியிலிருந்து காலை எடுத்தே விட்டார். "ஒழுங்கா நின்னு தோத்துட்டுப் போடா! மேனேஜர் சார், புகார் நான் கொடுத்தது, நானே வாபஸ் வாங்கிக்கிறேன். கேபிள் என்னோடது. யார் தொடலாம்னு நான்தான் சொல்லணும். அவன் தொடலாம்."

தம்பி கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. நிதானத்தின் கணவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, அது தனக்கே தேவைப்படுவதைத் தாமதமாக உணர்ந்தார்.

மேனேஜர் ரிசல்ட்டைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஜெயித்தது கலகலப்பு.

"இவரா?" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே மூச்சில்.

"எனக்கும் அதே சந்தேகம்தான்," என்றார் கலகலப்பு, நிஜமாகவே திகைத்துப்போய்.

"உன்னாலதான்டா! எனக்கு விழ வேண்டிய ஓட்டையெல்லாம் பிரிச்சுட்டே!"

"நானா பிரிச்சேன்? நிக்காதேன்னு உன்கிட்ட ஆள் விட்டுச் சொன்னேனா இல்லையா?"

"ஆள் விடுவியா? உனக்கு வாய் இல்ல?"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. மேனேஜர் சங்கடத்தோடு ஸ்கிரீனை அணைக்கப் போனார். நிதானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, பேசட்டும். நாம வெளியில போலாம்."