சுண்டுவின் பொறாமை

வகுப்பிலேயே உருவத்தில் சிறியவள் என்பதால் அவளை எல்லோரும் சுண்டு என்றார்கள். பக்கத்தில் உட்காரும் தோழியை வாயாடி என்றார்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

பள்ளியில் ‘சொல்லின் கதை’ போட்டி வைத்தார்கள். வகுப்புக்கு ஒருவர் மேடையேறி, ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். அவர்கள் வகுப்புக்குக் கிடைத்த சொல், பொறாமை.

சுண்டு ஒரு வாரமாக நூலக அறையில் தடித்த அகராதிகளைப் புரட்டிப் புரட்டித் தும்மிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தாள்.

போட்டிக்கு முதல் நாள், “வாயாடி பேசட்டும்” என்றார் டீச்சர். “சுண்டு, உன் குரல் முதல் வரிசைக்கே கேட்காதேம்மா.”

சுண்டு விறுவிறுவென்று வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினாள். ‘கடவுளே, நாளைக்கு அவ எல்லார் முன்னாடியும் அசடு வழியணும்.’

மறுநாள் மேடைக்குப் பின்னால் வாயாடி பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறியிலிருந்து பிறந்ததுதான் பொறாமை! நெருப்புப் பொறி போல மனதைச் சுட்டுவிடும்!”

சுண்டு திடுக்கிட்டாள். “யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். எப்படி?”

அது தவறு. நடுவரோ அகராதி தயாரிக்கிறவர். அவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், பள்ளிக்கூடமே சிரிக்கும். சுண்டு சும்மா இருந்தாலே வேண்டியது நடந்துவிடும்.

ஆனால் நடக்கப்போகிறது என்றதும் அவளுக்குப் பயமாகிவிட்டது. ‘கடவுளே, நேத்து கேட்டதை மறந்துடு’ என்று அவசரமாக முணுமுணுத்தாள்.

“அது தப்புடி. ‘பொறு’ங்கிறதுலேருந்து வந்தது. பொறுக்கிறதுன்னா சுமக்கிறது, தாங்கறது. அந்தக் காலத்துல பாரத்துக்கே ‘பொறை’ன்னு பேரு. பொறாமைன்னா தாங்க முடியாம போறதுன்னுதான் அர்த்தம். அப்புறம், அடுத்தவங்க நல்லா இருக்கறதைத் தாங்க முடியாத மனசுக்கு அந்தப் பேரு வந்துச்சு.”

வாயாடி இடுப்பில் கை வைத்தாள். “நீ பொறாமையில சொல்றே!”

“பொறாமை இருக்கு. ஆனா சொல்றது நிஜம்.”

வாயாடி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ! இப்ப உதாரணத்துக்கு நான் எங்கே போவேன்?”

“என்னையே வச்சுக்கோ. டீச்சர் உன் பேரைச் சொன்னதும், முதுகுல மூட்டை ஏத்தின மாதிரி இருந்துச்சு. தூக்கவும் முடியல, இறக்கவும் முடியல.”

வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. அப்படி ஒன்று அதுவரை நடந்ததே இல்லை.

மேடையில் அவள் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னாள். நடுவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் வாயாடி, “எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அந்த மூட்டையோடயே வந்து எனக்கு உதவி செஞ்சா. பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துலயே பெரிய பலசாலி அவதான்!” என்றாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

“யாருடி அந்தப் பலசாலி?” என்று, கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்த சுண்டுவிடம் முன்வரிசைப் பெண் திரும்பிக் கேட்டாள்.

சுண்டு தன் குச்சிக் கைகளை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“யாராவது நல்லா வாட்டசாட்டமா இருப்பாங்க” என்றாள்.