இருபத்து மூன்றாம் துணி

சுகன்யாவுக்கு எப்போதும் தூக்கம் வந்தது.

காலை நான்கு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அம்மா சின்ன வெங்காயக் காட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். குடங்களை நிரப்புவது சுகன்யாவின் வேலை. மொத்தம் எட்டுக் குடம். அது முடிந்ததும் ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஓட்டப் பயிற்சி. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் கட்டாயம் ஓட வேண்டும். அது விளையாட்டு ஆசிரியர் ஆண்டவர் சார் போட்ட சட்டம்.

சுகன்யா ஏழாம் வகுப்பு. ஓடினால் எப்போதும் கடைசி.

"கடைசி பஸ் வருது, வழி விடுங்கடா!" என்று கூடப் படிக்கும் அருள்முருகன் கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். சுகன்யா பதில் சொல்ல மாட்டாள். பதில் சொல்லவும் மூச்சு வேண்டுமே.

அந்த வருடம் நல்ல மழை. பல வருடங்களுக்குப் பிறகு அரும்பாவூர் ஏரி நிரம்பியிருந்தது. மலை அடிவாரம் வரைக்கும் தண்ணீர். தை மாதத்தில் ஆண்டவர் சார் ஓர் அறிவிப்பு செய்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏரியைச் சுத்தி ஓட்டம். முதல்ல வர்ற அஞ்சு பேர் பெரம்பலூர் போட்டிக்குப் போறாங்க. பழைய கரைப்பாதை தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதனால மலைப்பக்கமா புது வழி. மரத்துக்கு மரம் மஞ்சத்துணி கட்டியிருப்பேன். துணியைப் பாத்து ஓடணும்."

சுகன்யா மெல்லப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"சார், நான் வரலைங்க சார். முடியலைங்க."

ஆண்டவர் சார் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார். "எல்லாரும் ஓடினப்புறம் துணியை எல்லாம் யார் அவுக்கறது? நீ எப்படியும் கடைசியா வருவ. வரும்போது அவுத்துக்கிட்டே வந்துடு. மொத்தம் நாப்பது. என் பழைய வேட்டியைக் கிழிச்சு மஞ்சள்ல நனைச்சது. அடுத்த வருஷத்துக்கும் வேணும். நாப்பதையும் கொண்டுவந்து குடுத்தா, இந்த வருஷம் முழுக்க உனக்குக் காலைல ஓட்டம் கிடையாது."

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான். ஒண்ணு குறைஞ்சாலும் ஓடணும்."

அன்றைக்கு முழுவதும் சுகன்யாவின் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. தண்ணீர் பிடித்த பிறகு மறுபடியும் படுக்கலாம். ஒரு மணி நேரம். போர்வைக்குள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு விசில் ஊதியது. நாற்பத்தாறு பேர் ஓடினார்கள். நாற்பத்தைந்து பேர் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்தார்கள். சுகன்யா நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானமே சாரும் அருள்முருகனும் துணிகளைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மையால் எண் எழுதியிருந்தது. ஒன்று, வேல மரம். இரண்டு, பனை. மூன்று, மறுபடியும் வேல மரம். அவள் அவிழ்த்து அவிழ்த்துப் பையில் போட்டாள். காலையில் தூக்கிய எட்டுக் குடமும் இன்னும் தோளிலேயே இருப்பது போல வலித்தது.

ஏரி அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு மொட்டை மரத்தில் நீர்க்காக்கை ஒன்று இறக்கையை விரித்தபடி நின்றது. அதுவும் களைத்துப் போயிருக்கும் என்று சுகன்யா நினைத்தாள்.

இருபத்திரண்டு துணிகள் சேர்ந்தன.

அடுத்த துணி ஒரு வேப்பமரத்தில். அதை அவிழ்க்கும் முன் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கீழே மதகுக்குப் போகும். இன்னொன்று மேலே மலைக்காட்டுக்குப் போகும். ஓட வேண்டியது மதகு வழியில். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும்.

ஆனால் மேலே போகும் பாதையிலும் மரத்துக்கு மரம் மஞ்சள் துணி தொங்கியது.

சுகன்யா குழம்பிப்போனாள். மேல் பாதையில் முதல் மரத்துக்குப் போய் முடிச்சைப் பாதி அவிழ்த்தாள். விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. துணிக்குள் ஒரு ரூபாய்க் காசு! எண் எதுவும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இது வேண்டுதல் துணி. அவசர அவசரமாக அதைப் பழையபடியே இறுக்கிக் கட்டினாள். "சாமி, தெரியாம அவுத்துட்டேன்" என்று முணுமுணுத்தாள்.

சார் கட்டியதைப் பார்த்து, வேப்பமரத்துக்கு யாரோ வேண்டிக்கொண்டதாக ஊர்ப் பெண்கள் நினைத்திருப்பார்கள். அவர்களும் காட்டுக்குப் போகிற வழியெல்லாம் காசு முடிந்து கட்டியிருப்பார்கள்.

சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து தரையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

மேல் பாதையில் ஊற்றுநீர் கசிந்து சேறாக இருந்தது. அந்தச் சேற்றில் வரி வரியாக ஒரு ஷூ தடம் மேலே ஏறிப் போயிருந்தது. இறங்கி வந்த தடம் இல்லை.

ஓட்டத்தில் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தது ஒரே ஒருத்திதான். ஆறாம் வகுப்பு சண்முகப்பிரியா. அரியலூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு மதகும் தெரியாது, மலையும் தெரியாது.

சுகன்யா கீழே மதகைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தான். பிறகு ஏரிக்கரை. பிறகு பள்ளி. பிறகு வீடு. பிறகு பாய்.

அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே ஏறினாள்.

பாதி வழியில் ஒரு வெங்காயக் காடு. ரெங்கம்மாள் என்ற பெண் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இந்தப் பக்கம் ஒரு பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சா வா? ஓடிச்சு! நாய் தொரத்துன மாதிரி ஓடிச்சு. எங்கடி போறேன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. நீயும் கோயிலுக்குத்தான் போறியா?"

"எந்தக் கோயிலுக்குங்க?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து சாயந்திரம் பாத்தா வேம்புல மஞ்சத்துணி. சரி, மரத்துல சாமி எறங்கியிருக்குன்னு காலைல எல்லாரும் துணி கொண்டாந்து கட்டிட்டாளுவ. நான்தான் மறந்துட்டு வந்துட்டேன். அதான் வேம்புல ஏற்கனவே கட்டியிருந்த துணியிலயே என் காசையும் முடிஞ்சுட்டேன்."

சுகன்யா கையிலிருந்த பையைப் பார்த்தாள். வேம்பில் கட்டியிருந்தது இருபத்து மூன்றாம் துணி.

"அதை அவுத்து வேற துணியில கட்டலாமா பெரியம்மா?"

"ஐயையோ, கட்டுன முடிச்ச அவுக்கலாமா? வேண்டுனது நடந்தப்புறம் நான்தான் வந்து அவுக்கணும்." ரெங்கம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "என் பேரனுக்கு மூணு வயசு முடிஞ்சுபோச்சு. இன்னும் ஒரு வார்த்தை பேசல. அம்மான்னு ஒருக்கா சொன்னாப் போதும்."

சுகன்யா ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டாள்.

"வரேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

கடைசி மஞ்சள் துணியையும் தாண்டி ஒரு பாறை. அதன் நிழலில் சண்முகப்பிரியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர்க் கோடு.

"துணியே காணோம்க்கா" என்றாள். "கத்தினேன். யாரும் வரல."

"வந்துட்டேன்ல?"

சண்முகப்பிரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் எத்தனாவது?"

"இந்த வழியில நீதான் முதல்."

"ரெண்டாவது?"

"நான்தான். நான் பொறந்ததுலேர்ந்து ரெண்டாவதா வந்ததே இல்ல தெரியுமா?"

சண்முகப்பிரியா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்கள். சண்முகப்பிரியா நொண்டினாள். சுகன்யாவால் மெதுவாகத்தான் நடக்க முடியும். வேகம் சரியாகப் பொருந்தியது.

வேப்பமரத்தடியில் சுகன்யா நின்றாள். துணியில் இருபத்து மூன்று என்ற எண் தெரிந்தது. அதன் நுனியில் சின்ன உருண்டையாக ஒரு முடிச்சு. காற்றில் அது மட்டும் கனமாக ஆடியது.

"இதை அவுக்கலையாக்கா?"

சுகன்யா கையை நீட்டினாள். துணியைத் தொட்டாள். போர்வை ஞாபகம் வந்தது. பேசாத அந்தப் பிள்ளையின் ஞாபகமும் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். வா."

மீதித் துணிகளை அவிழ்த்துக்கொண்டே ஏரிக்கரைக்கு வந்தபோது எதிரே ஆண்டவர் சார் சைக்கிளில் வேகமாக வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையும் போயிருந்தது. பின்னால் அருள்முருகன் ஓடி வந்தான்.

"எங்கம்மா போனீங்க? நாப்பத்து நாலுதான் இருக்கு, நாப்பத்து நாலுதான் இருக்குன்னு எண்ணி எண்ணியே எனக்கு உயிரே போயிடுச்சு!"

நடந்ததை எல்லாம் சண்முகப்பிரியாதான் மூச்சு விடாமல் சொன்னாள். சுகன்யா பையை நீட்டினாள்.

"முப்பத்தொன்பதுதான் சார் இருக்கு. ஒண்ணு வேண்டுதலாயிடுச்சு. அவுக்கக் கூடாதாம்."

சார் பையை வாங்கவில்லை. மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என் வேட்டியைப் போய்க் கும்பிடுறாங்களா?" என்றார்.

அருள்முருகன் களுக்கென்று சிரித்தான். பிறகு சுகன்யாவைப் பார்த்தான். ஏதோ கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணு குறையுதே" என்றார் சார். "சொன்னது சொன்னதுதான். ஓடணும்."

"சரிங்க சார்."

"ஆனா நாளைக்கு வேணாம். நாளைக்குத் தூங்கு. சண்முகப்பிரியாவுக்கு அடுத்த வாரம் மறுபடி ஓட்டம் வைக்கிறேன். கால் ஆறட்டும். அன்னிக்கு அவ பின்னாடி வர ஒரு ஆள் வேணும்."

"சுகன்யாக்கா வரட்டும் சார்" என்றாள் சண்முகப்பிரியா. "அவங்க பின்னாடி வந்தா எனக்குப் பயமில்ல."

"மெதுவாத்தான் வருவேன்" என்றாள் சுகன்யா.

மறுநாள் காலை எட்டாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். தூரத்தில் மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. அன்றைக்குக் கனவில்கூட அவள் ஓடவில்லை.