அப்பா, வேகம் வேண்டாம்

காரில் பக்கத்து இருக்கையின் ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக.

உள்ளங்கை அளவு. கதவின் விளிம்பை ஒட்டி, ஒரு குழந்தையின் வாய் வரும் உயரத்தில்.

எர்மெஸ் வெளியிலிருந்து துடைத்தான். போகவில்லை. கதவைத் திறந்து சட்டைக் கையால் துடைத்தான். துணி வெதுவெதுப்பாக நனைந்தது. பழைய தோலும் பெட்ரோலும் கலந்த வாசனைக்கு அடியில், தூங்கி எழுந்த பிள்ளையின் தலைமுடி போல இன்னொரு வாசனை மெல்லக் கசிந்து வந்து அவன் குனிந்ததும் நின்றுவிட்டது. நேற்று மாலைக்குப் பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

டிசம்பர் மூடுபனி. இத்தாலியின் மொடெனா நகருக்கு வெளியே, கால்வாய் ஓரத்துப் பட்டறை. மதியம் தாண்டியதுமே வாசலுக்கு அப்பால் உலகம் இல்லாமல் போயிருந்தது.

இந்த மாதிரிக் கார் மொத்தம் இருபதுகூடச் செய்யப்படவில்லை. எர்மெஸின் அப்பா அந்தக் காலத்தில் மரக்கட்டையின் மேல் தகட்டை வைத்து அடித்த வளைவுகள் இவை. எர்மெஸ் ஒவ்வொரு தகட்டையும் விரல் கணுவால் தட்டிக் கேட்டிருந்தான். எங்கும் ஒட்டு இல்லை, பள்ளத்தை மறைத்த பூச்சு இல்லை. ஐந்து பேர் கை மாறியும் ஒரு விபத்துகூட இல்லை. இப்படிப்பட்ட வரலாறு எந்தக் காருக்கும் கிடையாது. வீட்டை அடகு வைத்து வாங்கினான். ஐவரும் ஏன் அவ்வளவு சீக்கிரம் விற்றார்கள் என்று மட்டும் அவன் கேட்கவில்லை.

நேற்று காரைத் தன் பேரில் பதிவு செய்து முடித்ததும் மகள் ஒந்தீனாவைக் கூட்டிவந்தான். ஒன்பது வயது. ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தாள்.

"அறையாதடி. ரெண்டு கையாலயும் மெதுவாத் தள்ளு."

"ஒனக்கு நான் முக்கியமா, கதவு முக்கியமா?"

"கதவுதான். ஒன்ன மாதிரி வேற பண்ணிக்கலாம்."

அவள் நாக்கை நீட்டினாள். பிறகு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படச் சட்டத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்துக் கார்களில் எல்லா அப்பாக்களும் வைத்ததுதான். பிள்ளையின் படம், கீழே தகட்டில் எழுத்து: அப்பா, வேகம் வேண்டாம். படத்தில் கோடு போட்ட சட்டையில் ஒரு பையன்.

"யாரோ ஒருத்தன் இருக்கான். என் படம் எங்க?"

அவன் சிரித்துக்கொண்டே பர்ஸிலிருந்து அவள் பள்ளிப்படத்தை எடுத்தான். சட்டத்தைத் திறந்தால் பையனுக்குப் பின்னால் இரட்டைச் சடைப் பெண், அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள். வாங்கிய ஒவ்வொருவரும் முந்தையதை எடுக்காமல் தன் பிள்ளையை மேலே செருகியிருந்தார்கள். அடுத்தவர் குழந்தையைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வந்திராது. அவனுக்கும் வரவில்லை. ஒந்தீனாவை மேலே செருகினான்.

அன்றிரவு வீட்டில் பாஸ்தா வேகும்போது, சமையலறை ஜன்னலில் படிந்த ஆவியில் அவள் விரலால் முயல் வரைந்தாள். தினமும் வரைவதுதான். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து.

இப்போது துடைத்த இடத்தில் மறுபடி ஆவி. அதன் அருகே இன்னொன்று, சற்றுத் தாழ்வாக.

ஹீட்டர்தான் என்று சொல்லிக்கொண்டான். ஹீட்டரை அவன் இன்னும் போடவில்லை.

பட்டறையின் கண்ணாடி அறைக்குள் போய், ஃபெராரா ஊரில் இருந்த, காரை விற்ற அம்மாளுக்கு போன் செய்தான். அந்தப் பையன் படத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

"சின்யோரா தோஸ்கா, உங்க பையன் படம் கார்லயே இருக்கு. அனுப்பட்டுமா?"

மறுமுனையில் ரேடியோ அணைந்தது.

"எங்க எத்ஸியோவா. அவன் மேல யாரு இருக்கா?"

"என் பொண்ணு."

"எடுத்துடுங்க."

"ஏம்மா?"

"படம் வச்சு ஒரு வாரம்கூட ஆகல, அவன் போயிட்டான். முந்தி வச்சிருந்தவருக்குச் சடை போட்ட பொண்ணு. அவர் எங்ககிட்ட சொல்லல. நானும் உங்ககிட்ட சொல்லல. சொன்னா யாரு வாங்குவா?"

"இந்தக் கார் எங்கயும் இடிச்சதில்லம்மா. நானே தட்டிப் பாத்தேன்."

"இடிக்காது," என்றாள் அந்த அம்மாள். குரலில் அழுகைகூட இல்லை. "கூட்டிட்டுப் போயிரும்."

அவன் போனை வைத்துவிட்டுக் காருக்கு ஓடினான். சட்டத்தைத் திறந்தான். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினான். கிழிந்தது. அவள் தோள் மட்டும் கையில் வந்தது. முகம் அங்கேயே இருந்தது.

நிமிர்ந்தான்.

ஜன்னலில் ஐந்து ஆவிப் படலங்கள். அருகருகே. சில தாழ்ந்து, சில உயர்ந்து. மெல்லச் சுருங்கின. மெல்ல விரிந்தன.

மறுபடி கண்ணாடி அறை. போன். வீட்டு எண். விரல்கள் தவறின. மறுபடி. மனைவி வில்மா எடுத்தாள்.

"ஒந்தீனா எங்க?"

"அங்கதான் வந்தா. கார்ல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியாம்ல. சைக்கிள எடுத்துட்டு அப்பவே கிளம்பிட்டாளே. எர்மெஸ், இன்னும் வரலையா அவ?"

அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரிசீவரை அப்படியே நழுவவிட்டு வாசலுக்கு ஓடினான். வெள்ளை. கால்வாய் தெரியவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும்.

"ஒந்தீனா!"

பனி குரலை விழுங்கியது.

எங்கோ ஒரு சக்கரம் சுழலும் சத்தம். சங்கிலி. யாரும் மிதிக்காத சக்கரம். மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

பிறகு தண்ணீர் மட்டும்.

பின்னால், பட்டறைக்குள், கார்க் கதவு மூடியது. அறையவில்லை. இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளிய சத்தம்.

அவன் திரும்பினான்.

தொங்கிய ரிசீவரில் வில்மா அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். காருக்குள் இருட்டு. இருக்கை காலி. ஜன்னலில் ஐந்து ஆவிப் படலங்கள். அவற்றின் நடுவே ஓர் இடம் விடுபட்டிருந்தது. அங்கே, ஒந்தீனாவின் வாய் வரும் உயரத்தில், ஆறாவது படர்ந்தது. ஈரமாக. புதிதாக.

அதில், உள்ளிருந்து, ஒரு கோடு மேலேறியது. ஒரு காது. நிமிர்ந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

மடிந்தது.