டம்மி லோடு

நார்பர்ட் கடலுக்குக் கிளம்பும்போது, வள்ளங்களை விளிக்கிற வயர்லெஸின் பவர் ஆம்பிளிஃபயரை அவன் மனைவி ஜீனா திறந்து வைத்திருந்தாள். இரண்டு நாளாக அது அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருந்தது.

"உனக்க தொண்டைக்கு இந்தப் பெட்டி எதுக்குட்டீ? கரையில நின்னு விளிச்சா லட்சத்தீவுல கேக்கும்."

அவள் ஸ்குரூடிரைவரை ஓங்கினாள். சிரித்துக்கொண்டே போனான்.

சோதனைக்காக ஆன்டெனா கேபிளைக் கழற்றி டம்மி லோடை மாட்டினாள். அனுப்புகிற அலை வானுக்குப் போகாமல் அதற்குள்ளேயே சூடாகி அடங்கிவிடும். பிற்பகலில் திடீரென்று காற்று மாறியது. பதறி மைக்கை எடுத்தாள். "சேட்டா, திரும்பி வாருங்க." மீட்டர் முழுச் சக்தி காட்டியது. முக்கால் மணி நேரம் விளித்தாள். அதன் பிறகுதான் ஆன்டெனா கேபிள் தரையில் கிடப்பதைக் கண்டாள்.

ஆறாம் நாள் அவன் உடல் கரையொதுங்கியது. அடக்கம் செய்தார்கள். எவ்வளவு நேரம் விளித்தாள் பாவம் என்றார்கள் எல்லாரும். கேபிள் தரையில் கிடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை நார்பர்ட்டின் தம்பி ரிஜோ வந்தான். கரைக்கு விளிக்கிற சிறிய வயர்லெஸ் அவன் இடுப்பில் இரைந்துகொண்டிருந்தது.

"மைனி, அந்த ஆம்பிளிஃபயரைச் சரியாக்கணும். மத்த வள்ளங்களுக்காக்கும்."

ஆம்பிளிஃபயரின் முன் உட்கார்ந்து பவரைப் போட்டாள்; டம்மி லோடு அன்று மாட்டியபடியே இருந்தது. பழைய தூசி சூடேறும் வாசனையும், ஈயப் பற்றின் புகையும், அடுத்த வீட்டில் மீன் பொரியும் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் தங்கின. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. யாரும் பேசாதபோதே மீட்டரின் முள் உயர்ந்து நின்றது. தானாக அலை உண்டாக்கும் கோளாறாக இருக்கும் என்று நினைத்து, வயர்லெஸ் செட்டிலிருந்து வரும் கேபிளைக் கழற்றினாள். முள் இறங்கவில்லை. டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தாள். பழுதில்லை.

முள் ஆடத் தொடங்கியது. ஏறி, இறங்கி, ஏறி. நின்றது. மூச்செடுக்கும் நேரம். மறுபடி ஏறியது.

பவர் கேபிளை உருவினாள். மின்விசிறி நின்றது.

முள் நிற்கவில்லை.

ரிஜோவின் இடுப்பிலிருந்து சத்தம் வந்தது. "சேட்டா, திரும்பி வாருங்க."

அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

"மைனி." ரிஜோ அசையாமல் நின்றான். "அன்னைக்கு நானும் கடல்லதான் கெடந்தேன். இது எனக்கு கேக்கேல்லியே."

"டம்மி லோடுல விளிச்சேன்," என்றாள். முதல் முறையாக.

அவன் சுவரில் சாய்ந்தான். அவளைப் பார்க்கவில்லை.

இரைச்சல். பிறகு வயர்லெஸில் இன்னொரு குரல்.

"இப்பதான் கேக்குது, ஜீனா." நார்பர்ட். பின்னால் காற்று ஊளையிட்டது. "கரை தெரியேல்ல. விளிச்சிட்டே இரு. வாறேன்."

வாசலுக்கு வெளியே வெயில். ஒரு தென்னோலையும் அசையவில்லை.